கைது கூடினால் கஞ்சா கூடிவிட்டது என்று அர்த்தமா?

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தும் தம்பி கேட்டிருக்கிறார்: "எங்க தெருக்காரங்க கூட்டத்துல பெரிய சண்டை அண்ணாச்சி. ஒருத்தர், 'நெல்லையில கஞ்சா கைது வருஷத்துக்கு வருஷம் ஏறுது, ஊரு கெட்டுப்போச்சு'ங்காரு. இன்னொருத்தர், 'கைது ஏறுதுன்னா போலீஸ் ஒழுங்கா வேலை பாக்குன்னு அர்த்தம்'ங்காரு. மூணாவது ஆளு, 'எல்லாம் அந்த ஒரு ஏரியாப் பையங்கதான், பேப்பரைப் பாருங்க'ன்னு முடிச்சிட்டாரு. நீங்க இந்தக் கணக்கு போட்டவங்க. யாரு சொல்லுதது சரி?"

மூன்றாவது ஆள் சொன்னதுதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. அவரிடம் கடைசியில் வருகிறேன்.

தென் மாவட்டங்களில் காவல் துறையின் அமைச்சுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதில் பல ஆண்டுகள் மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகத்தில், டி.சி.ஆர்.பி. என்று நாங்கள் சொல்லும் இடத்தில், மாதக் கணக்கு தயாரித்தேன். ஸ்டேஷன்களில் இருந்து வரும் தாள்களைக் கூட்டிச் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். அந்த எண்கள்தான் கடைசியில் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் போய் உட்காருகின்றன. எண் எங்கே பிறக்கிறது என்று பார்த்திருப்பதால் அதை அளவுக்கு மேல் நம்பவும் என்னால் முடியவில்லை, பொய் என்று தூக்கி எறியவும் முடியவில்லை.

நம் ஊரில் மழைக்காலம் வந்தால் காலைப் பேப்பரில் முதலில் பார்ப்பது பாபநாசம் அணை நீர்மட்டம். 143 அடியில் எத்தனை அடி, மணிமுத்தாறு 118 அடியில் எத்தனை அடி என்று பார்ப்போம். பக்கத்திலேயே நீர்வரத்து இவ்வளவு கன அடி, வெளியேற்றம் இவ்வளவு கன அடி என்று போட்டிருக்கும். வெளியேற்றத்தை மட்டும் பார்த்துவிட்டு மலையில் எவ்வளவு மழை என்று யாராவது சொல்வார்களா? கார் பருவ நெல் சாகுபடிக்கு மடை திறந்தாலும் வெளியேற்றம் கூடும், வெள்ளம் வந்தாலும் கூடும். கைது எண்ணிக்கை இந்த வெளியேற்றக் கணக்கு. மதகைத் திறந்தவர் கை எவ்வளவு சுற்றியது என்று அது சொல்லும். வரத்து, அதாவது ஊரில் உண்மையில் புழங்கும் போதை, எவ்வளவு என்பதை வேறு இடத்தில்தான் பார்க்க வேண்டும்.

அதனால்தான் உங்கள் கூட்டத்தில் முதல் இருவரும் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு எதிரெதிர் திசையில் இழுக்க முடிந்தது. நாளைக்கே கைது குறைந்தாலும் இதே சண்டைதான் வரும்: "கஞ்சா ஒழிஞ்சுபோச்சு" என்று ஒருவர், "போலீஸ் கண்டுக்கிடல" என்று இன்னொருவர். மேலே போனாலும் கீழே போனாலும் இரண்டு அர்த்தம் சொல்ல இடம் கொடுக்கும் ஒரு எண்ணை மட்டும் வைத்து எந்தப் பக்கமும் ஜெயிக்க முடியாது.

இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. குற்றம் கூடுவது வேறு, வழக்குப் பதிவு கூடுவது வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகமே தன் அறிக்கையில் எச்சரித்திருக்கிறது. அவர்கள் கணக்குப்படி போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் நாடு முழுவதும் 2021-ல் பதிவானவை 78 ஆயிரத்துச் சொச்சம் வழக்குகள், 2022-ல் 1 லட்சத்து 15 ஆயிரத்துக்கு மேல். ஒரே ஆண்டில் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி ஏற்றம். போதை பழகியவர்கள் ஒரே ஆண்டில் ஒன்றரை மடங்கு ஆகிவிட்டார்களா? நான் நம்பமாட்டேன். நம் மாநிலத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2021 டிசம்பரில் 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' தொடங்கியது. 2022 மார்ச் கடைசியில் இரண்டாம் சுற்று, அந்த ஆண்டு டிசம்பரில் மூன்றாம் சுற்று. ஒவ்வொரு ஸ்டேஷனும் கஞ்சா என்று தனியாக ஆள் போட்டுத் தேடிய மாதங்கள் அவை. தேடினால் கிடைக்கும். அதற்கு முந்தைய 2020 ஊரடங்கு ஆண்டு. அந்த ஆண்டை அடியில் வைத்து "இத்தனை சதவீதம் ஏற்றம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

ஒரு வழக்கு எப்படி எண் ஆகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சண்டை தீர வேண்டிய இடம் இதுதான்.

எஸ்.ஐ.க்குத் தகவல் வருகிறது, அல்லது ரோந்தில் சந்தேகப்பட்டு நிறுத்துகிறார். பையில் பொட்டலம். எடை போடுகிறார்கள். இந்த எடையில்தான் எல்லாமே இருக்கிறது. 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்கு 2001-ல் வெளியான அறிவிக்கைப்படி கஞ்சாவில் 1 கிலோவுக்குக் கீழே சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு, நடுவில் இருப்பது இடைப்பட்ட அளவு. சிறு அளவுக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இடைப்பட்டதற்கு 10 ஆண்டு வரை. வணிக அளவுக்குக் குறைந்தது 10, அதிகம் 20 ஆண்டு, ஜாமீனும் எளிதில் கிடைக்காது. ஆனால் மாலையில் போகும் பத்திரிகைக் குறிப்பில் இவை மூன்றும் ஒரே வரியில் போகும்: 'கஞ்சா வழக்கில் இத்தனை பேர் கைது.' ஆற்றங்கரைப் படித்துறையில் 20 கிராமோடு பிடிபட்ட பாலிடெக்னிக் பையனும் ஒரு கைது. நாற்கரச் சாலையில் வேன் நிறையக் கொண்டுவந்தவனும் ஒரு கைது. கூட்டும்போது என் தாளில் இருவரும் 1, 1 என்றுதான் இருப்பார்கள்.

ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். ஒரு ஸ்டேஷனில் போன ஆண்டு 10 கைது, எல்லாரும் மொத்தமாகக் கொண்டுவந்து விற்றவர்கள். இந்த ஆண்டு 40 கைது, எல்லாரும் பீடியில் சுருட்டி இழுத்தவர்கள். நான்கு மடங்கு என்று செய்தி வரும். விற்பவன் மேல் விழுந்த கை தளர்ந்துபோனது அந்தச் செய்திக்குள்ளே தெரியவே தெரியாது.

எடையைப் பற்றி வக்கீல்கள் மத்தியில் ஒரு பழைய பேச்சு உண்டு. பல வழக்குகளில் எடை 1 கிலோ 100, 1 கிலோ 200 என்றே வருகிறதே, சிறு அளவைத் தாண்ட வேண்டும் என்றே எழுதுகிறார்களோ என்று கேட்பார்கள். பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது நியாயம் இல்லை. கணக்கை வைத்தே சோதிக்கலாம். ஒரு மாவட்டத்தின் எடைகளை எல்லாம் சிறிதில் இருந்து பெரிதாக அடுக்குங்கள். பிடிபட்டது அப்படியே எழுதப்பட்டிருந்தால் 800 கிராம், 900 கிராம், 1100 கிராம் என்று ஓரளவு பரவலாக இருக்கும். 1 கிலோவுக்குக் கீழே வெற்றிடமும் அதற்குச் சற்று மேலே கூட்டமும் தெரிந்தால், அந்த எண் தராசில் மட்டும் பிறக்கவில்லை என்று சந்தேகப்பட இடம் உண்டு. காம்பு, இலை, விதை எல்லாம் சேர்த்து எடை போட்டார்களா என்பது இன்னொரு கேள்வி. சட்டத்தின் பார்வையில் கஞ்சா என்பது செடியின் பூவும் காயும் உள்ள நுனிப்பகுதி. நுனி சேராமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் அதில் வராது.

இலக்கு விவகாரத்துக்கு வருகிறேன். எந்த மாவட்டம், எந்த அதிகாரி என்பது வேண்டாம். மாதக் கடைசியில் குற்ற ஆய்வுக் கூட்டம் நடக்கும். ஒரு ஸ்டேஷன் தாளில் கஞ்சா கட்டத்தில் பூஜ்யம். "உங்க எல்லையில கஞ்சாவே இல்லையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்கள். அடுத்த மாதம் அதே கட்டத்தில் ஒன்பது வந்தது. ஒன்பதும் சிறு அளவு. அவற்றில் ஏழு வழக்குகள் அந்த மாதத்தின் கடைசி வாரத்தில் பதிவானவை. அந்த இன்ஸ்பெக்டர் பொய் வழக்குப் போட்டார் என்று நான் சொல்லவில்லை. அந்த ஒன்பது பேரும் புகைத்தவர்களாகவே இருந்திருக்கலாம். முந்தின மாதமும் அவர்கள் புகைத்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். ஊர் மாறவில்லை, கூட்டத்தில் கேட்ட ஒரு கேள்வி எண்ணை மாற்றியது. அந்தத் தாளைக் கூட்டிக் கையெழுத்துக்கு வைத்தவன் நான். இன்றும் அது உறுத்துகிறது.

பக்கத்து மாநிலத்தை வைத்து இதைப் பெரிய அளவில் பார்க்கலாம். செங்கோட்டை, புளியரைப் பக்கம் "கேரளாதான் ரொம்ப மோசம், கணக்கே சொல்லுது" என்று பேசிக்கொள்வார்கள். 2022 அறிக்கையில் கேரளம் 26 ஆயிரத்துக்கு மேல் வழக்குகளோடு நாட்டிலேயே முதல் இடம். பஞ்சாப் 12 ஆயிரத்துச் சொச்சம். இந்த ஒரு வரியைப் படித்தால் கேரளத்தில் பஞ்சாபைவிட இரண்டு மடங்கு போதை. ஆனால் அதே அறிக்கையில் பக்கத்துக் கட்டம் ஒன்று உண்டு: சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்தது எத்தனை, கடத்தலுக்கு எத்தனை என்று. கேரளத்தின் வழக்குகளில் கிட்டத்தட்ட 25 ஆயிரம் சொந்த உபயோகம், கடத்தல் இரண்டாயிரத்துக்கும் குறைவு. பஞ்சாபில் கடத்தல் வழக்கே ஏழாயிரத்தைத் தாண்டுகிறது. கேரளத்தில் ஒரு கஞ்சா பீடிக்கும் வழக்குப் பதிகிறார்கள் என்பதுதான் இதில் தெரிகிற முதல் செய்தி.

வரத்து எவ்வளவு என்று பார்க்க நாட்டில் ஒரு பெரிய முயற்சி நடந்திருக்கிறது. சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆய்வு அது. இரண்டு லட்சம் வீடுகளில், நாலரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களிடம் நேரில் கேட்டார்கள். அந்தக் கணக்கில் ஓராண்டுக்குள் கஞ்சா வகைகளைப் பயன்படுத்தியவர்கள் 2.8 சதவீதம், கஞ்சா இலையில் செய்யும் 'பாங்' என்பதையும் சேர்த்து. சராசரியைவிட அதிகம் என்று அவர்கள் குறிப்பிட்ட மாநிலங்கள் உத்தரப் பிரதேசம், பஞ்சாப், சிக்கிம், சத்தீஸ்கர், டெல்லி. கேரளம் அதில் இல்லை. வழக்கில் முதல் இடம், உபயோகத்தில் அந்தப் பட்டியலிலேயே இல்லை. இன்னொன்றும் அதே ஆய்வில் உண்டு: மது அருந்துபவர்கள் 14.6 சதவீதம், சுமார் 16 கோடிப் பேர். போதையைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் இந்த எண்ணை யாரும் எடுப்பதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

நெல்லைக் கணக்கைப் படிக்கும்போது தனியாகக் கவனிக்க வேண்டியவை சில உண்டு. 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டம் ஆனது. 2011 கணக்கெடுப்பில் 30 லட்சத்தைத் தாண்டியிருந்த மாவட்டம் கிட்டத்தட்ட பாதியானது. 'திருநெல்வேலி மாவட்டம்' என்ற ஒரே பெயரில் 2018-ஐயும் 2022-ஐயும் ஒப்பிட்டால் இரண்டு வேறு நிலப்பரப்பை ஒப்பிடுகிறீர்கள். அதோடு மாநகரக் காவல் ஆணையரகம் வேறு, எஸ்.பி.யின் கீழ் உள்ள மாவட்டக் காவல் வேறு. ஜங்ஷன் ரயில் நிலையத்தில் பிடித்தால் அது ரயில்வே போலீஸ் கணக்கு, இரண்டிலும் சேராது. ஒரு மாலை ஜங்ஷன் நடைமேடையில் மூட்டை பிடிபட்டால் 'நெல்லையில் கஞ்சா' என்றுதான் செய்தி வரும். ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளில் விளைந்து ரயிலிலும் பஸ்சிலும் தெற்கே வருவது இது. அதில் ஒரு பங்கு தூத்துக்குடி, ராமநாதபுரம் கடற்கரை வழியாக இலங்கைக்குப் போகப் பார்க்கிறது. நம் ஊர் அதன் வழியில் இருக்கிறது. வழியில் பிடித்த கிலோவை ஊரில் புகைத்த கிலோவாகக் கணக்குப் பார்க்கக் கூடாது. ஒரே லாரி பிடிபட்டால் அந்த ஆண்டின் கிலோக் கணக்கு மலையேறிவிடும், மறு ஆண்டு லாரி இல்லை என்றால் விழுந்துவிடும்.

'போதைப்பொருள்' என்ற தலைப்பின் கீழ் எதை எல்லாம் சேர்த்தார்கள் என்றும் பாருங்கள். 2013 முதல் நம் மாநிலத்தில் குட்காவுக்குத் தடை. பெட்டிக்கடையில் நாலு பாக்கெட் வைத்திருந்த பெரியவர் கைதும் பல நேரம் இதே குறிப்பில் கூட்டப்படுகிறது. டிரமடால் என்ற வலி மாத்திரை 2018 ஏப்ரலில்தான் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தது. அதற்கு முந்தின மாதம் அதே அட்டை பிடிபட்டிருந்தால் இந்தக் கட்டத்தில் ஏறியிருக்காது. ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றம் இருந்தால் அதில் பெரியதை மட்டும் எண்ணுவது தேசியக் கணக்கின் விதி. அதனால் கொலை வழக்கில் சேர்ந்து வரும் கஞ்சா இந்தப் பக்கம் காணாமல் போகும்.

நீங்கள் கல்லூரியில் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடப் பையன்களைப் பற்றிக் கைதுக் கணக்கு அநேகமாக ஊமை. 18 வயதுக்குக் கீழே உள்ளவரைச் சட்டம் குற்றவாளியாகக் கைது செய்வதில்லை, இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுவருகிறது. இளைஞர் நீதிச் சட்டத்துக்கு 2016-ல் மத்திய அரசு வகுத்த மாதிரி விதிப்படி, கொடிய குற்றமாகவோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ இருந்தால்தான் எஃப்.ஐ.ஆர். மற்றதெல்லாம் பொது நாட்குறிப்பில் ஏறும் பதிவு. பதினாறு வயதுப் பையன் பையில் ஒரு பொட்டலம் இருந்தால் அது நீங்கள் படிக்கும் எந்தக் கட்டத்திலும் வராது. அது சரியான விதி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் 'நம்ம பிள்ளைங்ககிட்ட இல்ல, கணக்குல இல்லையே' என்று பெற்றோர் நிம்மதி அடைய அதில் ஆதாரம் இல்லை. தண்டனை விகிதத்தையும் இதே ஜாக்கிரதையோடு படியுங்கள். அது அந்த ஆண்டு விசாரணை முடிந்த வழக்குகளில் கணக்கிடுவது. ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிப் போகும் சிறு வழக்குகள் கூடக்கூட அந்தச் சதவீதம் அழகாகத் தெரியும். குண்டர் சட்டத்தில் அடைப்பது தடுப்புக் காவல், தீர்ப்பு அல்ல.

இனி மூன்றாவது ஆள். "எல்லாம் அந்த ஏரியாப் பையங்கதான்." பேப்பரில் அந்தப் பெயர் அடிக்கடி வருகிறது என்பது உண்மையாகவே இருக்கட்டும். யார் வெளியே தெரியும்படி புகைக்கிறார்கள்? வீட்டில் தனி அறை இல்லாதவன். மொட்டை மாடி, கார், பூட்டிய அறை உள்ளவன் ரோந்துக்காரர் கண்ணில் படமாட்டான். எந்தத் தெருவில் சோதனைச் சாவடி போடுகிறோமோ அந்தத் தெருவில் கைது வரும். கைது வந்ததால் அடுத்த சாவடியும் அங்கேயே போடுவார்கள். இரண்டு ஆண்டு இப்படி ஓடினால் தெருவின் பெயரே குற்றத்தின் பெயராகிவிடும். அமெரிக்காவில் இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஏ.சி.எல்.யு. என்ற குடிமை உரிமை அமைப்பு 2013-ல் வெளியிட்ட ஆய்வில், கறுப்பினத்தவரும் வெள்ளையரும் கஞ்சா புகைப்பது ஏறக்குறைய ஒரே அளவு. கைதாவது மட்டும் கறுப்பினத்தவர் 3.73 மடங்கு. அந்த நாட்டு எண் நம் ஊருக்குப் பொருந்தாது. ஆனால் புகைப்பதும் பிடிபடுவதும் எவ்வளவு தூரம் விலகிப் போகலாம் என்பதற்கு அது அளவு.

எனக்குத் தெரிந்த ஒரு பையன். டிப்ளமோ முடித்தவன். சிநேகிதர்களோடு நின்றபோது பிடிபட்டான், சிறு அளவு. அபராதம் கட்டி வெளியே வந்துவிட்டான். இரண்டு ஆண்டு கழித்து வேலைக்குக் காவல் துறைச் சான்று கேட்டார்கள். அவன் அம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது என்னிடம் சொல்ல எதுவும் இல்லை. போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. உபயோகித்ததற்காகவோ சிறு அளவுக்காகவோ வழக்கில் சிக்கிய, பழக்கத்துக்கு அடிமையான ஒருவர், தானாக முன்வந்து அரசு ஏற்ற மையத்தில் முழுச் சிகிச்சை எடுத்தால் வழக்கில் இருந்து காக்கும் பிரிவு. நான் மேசையில் இருந்த காலம் முழுவதும் அந்தப் பிரிவைப் பயன்படுத்திய ஒரு தாளைக்கூடப் பார்த்த நினைவு இல்லை. கணக்கில் அதற்கு ஒரு கட்டமே இல்லை. கட்டம் இல்லாததை எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்பதும் இல்லை.

எனவே உங்கள் சங்கத்தின் பெயரில் அல்ல, ஒரு குடிமகனாக உங்கள் பெயரில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஆணையர் அலுவலகத்துக்கும் எஸ்.பி. அலுவலகத்துக்கும் தனித்தனியாக மனுப் போடுங்கள். 'எத்தனை கைது' என்று கேட்காதீர்கள். ஸ்டேஷன் வாரியாக, மாத வாரியாகக் கேளுங்கள். சிறு அளவு, இடைப்பட்ட அளவு, வணிக அளவு தனித்தனியாக. ஒவ்வொரு வழக்கிலும் எழுதிய எடை. ஒரே ஆள் மீண்டும் கைதானது எத்தனை. விசாரணை முடிந்தவற்றில் ஒப்புதல் எத்தனை, விடுதலை எத்தனை. 64ஏ-யில் சிகிச்சைக்குப் போனவர் எத்தனை. பெயர், முகவரி எதையும் கேட்காதீர்கள், தரவும் மாட்டார்கள். அதோடு ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கு இன்னொரு மனு: மனநலப் பிரிவில் போதைப் பழக்கத்துக்காக வந்தவர்கள் ஆண்டுவாரியாக எத்தனை, எந்தப் பொருள், எந்த வயது வரம்பு. இந்த இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால்தான் வரத்தும் வெளியேற்றமும் ஒரே பக்கத்தில் தெரியும். கைது ஏறி, புது நோயாளிகள் எண்ணிக்கை அப்படியே இருந்தால் உங்கள் இரண்டாவது ஆள் பேச்சில் பலம் உண்டு. இரண்டும் சேர்ந்து ஏறினால், அதிலும் வயது இறங்கிக்கொண்டே வந்தால், முதல் ஆள் பயப்படுவதில் நியாயம் உண்டு.

பதில் வர ஒரு மாதம் ஆகலாம். அதுவரை உங்கள் வகுப்பில் எந்தப் பையனைப் பற்றியாவது கவலை இருந்தால் 14446 என்ற இலவச எண் இருக்கிறது, போதை மீட்பு ஆலோசனைக்கானது. தாள்கள் வந்ததும் கூட்டத் தேதியைச் சொல்லுங்கள். நானும் வந்து உட்காருகிறேன், கட்டம் கட்டமாகச் சேர்ந்து படிப்போம். மூன்றாவது ஆளையும் கட்டாயம் வரச் சொல்லுங்கள்.